இரண்டால் வகுத்தல்

ஏப்ரல் கடைசி. ஆக்-தோர் பனியாற்றின் மேல்
நாங்கள் மூன்று பேர், ஒரு குதிரை.
குதிரை கரைமேட்டோடு நின்றுவிட்டது;
வெடிப்புகளை மூடிக் கிடந்த புதுப்பனியை அது நம்பவில்லை.
ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாதென்று
அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
விடுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

பெர்மெத் முன்னால், இடுப்பில் கயிறு.
அவளுக்குப் பின்னால் அலைபரப்பி,
கரகோல் சந்தையில் வாங்கிய
சிறுபிள்ளைகளின் சிவப்புச் சறுக்குவண்டியில்.
பிறகு நெடுக இழுபடும் கம்பி,
பிறகு அலைவாங்கி,
கடைசியில் நான், கம்பி முறுக்கிக்கொள்ளாமல் பார்க்க.
மாற்று மின்கலத்தைக் கோட்டுக்குள்
நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்தேன்.
வெளியே எடுத்தால் பத்து நிமிடத்தில் சாகும்.

குதிரை மைரம்பெக்குடையது.
இந்தப் பனி உருகித்தான்
அவருடைய பார்லியும் குதிரைமசாலும்.
உப்புத் தேநீர் குடிக்கையில் சொன்னார்:
"நடுவில் நூற்றைம்பது மீட்டர் இருக்கும்.
குறைந்தால் என் ஆடு ஒன்று உங்களுக்கு.
கூடினால் அந்தப் பைனாகுலர் எனக்கு."
பெர்மெத் சிரித்தாள்.
சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அலை இறங்குகிறது.
பனி அதைத் தடுப்பதில்லை, வழிவிடுகிறது.
அடியில் பாறைதான் ஏற்க மறுக்கிறது.
மறுக்கப்பட்டது மேலே வருகிறது, மெலிந்து.
இமை மூடித் திறப்பதற்குள்
பூமியை ஒரு சுற்றுச் சுற்றக்கூடிய வேகம்,
அதை இந்தக் கொஞ்ச தூரத்துக்கு
மேலும் கீழும் அலையவிட்டோம்,
காலையிலிருந்து சாயங்காலம் வரை.

திரையில் சாம்பல் கோடுகள்,
ஈரத்துணியில் மை இறங்கியது போல.
ஓரிடத்தில் மட்டும், பதினோரு மீட்டர் கீழே,
புருவம் தூக்கியது போல் ஒரு வளைவு.
கல்லோ, நீர் தேங்கிய குழியோ,
பழைய முகாமின் தகரமோ.
பெர்மெத் நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நடந்தாள்.

அன்று இரவு கணக்குப் போட்டது நான்.
பனியில் அலை மைக்ரோநொடிக்கு நூற்று அறுபத்தெட்டு மீட்டர்.
நடுக்கோட்டில் ஒரு மைக்ரோநொடி.
கூடாரத்துக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினேன்,
"நூற்று அறுபத்தெட்டு!"

மைரம்பெக் எழுந்து வந்து பைனாகுலரை வாங்கிக்கொண்டார்.
இருட்டில் என்ன தெரிந்ததோ,
பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பி
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
மகளுக்குக் கீழ்வயலையும் எழுதிவைக்கலாம் என்றார்.
ஆப்ரிகாட் நூறு கன்று, என்றார்.
குதிரைக்குக் கூட ஒரு சர்க்கரைக்கட்டி கூடுதல்.

விடிந்ததும் பெர்மெத் தாளைப் பார்த்தாள்.
பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள்.
"போனதற்கும் வந்ததற்கும் சேர்த்துத்தான் அந்த நேரம்.
நீ இரண்டால் வகுக்கவில்லை."

எண்பத்து நான்கு.

ஒரே ஒரு ராத்திரி
ஒரு மலையளவு பனியை நான் உண்டாக்கியிருந்தேன்;
அந்த ராத்திரி முழுக்க ஓர் ஊர் செழித்தது.
அதை யார் அவரிடம் சொல்வதென்று
நாங்கள் இருவரும் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தோம்,
ஏற்கெனவே சுற்றிய கம்பியை.

நானே சொன்னேன்.
அவர் கோபப்படவில்லை. பைனாகுலரைத்
தோல்பையில் போட்டு வாரை மாட்டித் தந்தார்.
"எண்பத்து நான்கு என்றால் எத்தனை வருஷம்?"
"இது ஆழம் மட்டும்தான் சொல்லும், ஐயா," என்றாள் பெர்மெத்.
"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற எந்திரம்," என்றார் அவர்.
பாராட்டா, புகாரா, தெரியவில்லை.

வேண்டாம் என்றோம். பந்தயம் பந்தயம்தான் என்றார்.
ஊரில் ஜீப்பின் பின்புறம் ஏற்றிவிட்ட ஆடு
கம்பிச் சுருள்களுக்கு நடுவே நின்று
பெட்டி எண் எழுதிய காகிதத்தை மென்றது.

வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை.
வண்டி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன்.
மைரம்பெக் உள்ளே இறங்கி
மண்வெட்டிக் காம்பை மதகுப்பலகையோடு நிறுத்தி,
போன வருஷத்து ஈரக்கறை எதுவரை என்று
கட்டைவிரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.
பிறகு விரலைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார்.